'மருமக சோறே போடலை!' - அடுக்கத்து அப்பத்தாவுக்கு என்ன ஆச்சு?

அடுத்த வீட்டுத் திண்ணையில் அப்பத்தா உட்கார்ந்திருந்தார். காலை பத்து மணி இருக்கும். பெருமாள்மலைப் பக்கமிருந்து இறங்கிய பனி அப்போதுதான் விலகி, காப்பிச் செடிகளின் மேல் வெயில் விழ ஆரம்பித்திருந்தது.

"என்னத்தச் சொல்ல தாயி... விடிஞ்சதுலேருந்து ஒரு பருக்கை வயித்துக்குள்ள போகலை. மருமக சோறே போடலை."

பக்கத்து வீட்டுப் பெண் பதில் சொல்லவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். அங்கே மருமகள் குனிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அவர் கையில் இருந்தது, அரை மணி நேரத்துக்கு முன்னால் அப்பத்தா மூன்று இட்லி சாப்பிட்ட தட்டு.

எல்லாம் காதில் விழுந்தது. ஆனாலும் மருமகள் நிமிரவில்லை. 'போட்டேன்' என்று எத்தனை தடவை சொல்வது? யாரிடம் சொல்வது?

பெருமாள்மலையிலிருந்து கும்பக்கரை வழியாகப் பெரியகுளத்துக்கு இறங்கும் மலைச்சாலையில் இருக்கிற ஊர் அடுக்கம். காப்பி, மிளகு, மலைவாழை, பட்டர் ஃப்ரூட் என்று தோட்டங்களை நம்பிய பிழைப்பு. ஒரு வீட்டில் நடப்பது மறுநாள் டீக்கடைக்கு வந்துவிடும். 'மாமியாரைப் பட்டினி போடுற மருமக' என்ற பேரும் அப்படித்தான் ஊருக்குள் வந்தது.

கணக்கு பிசகிய சனிக்கிழமை

அப்பத்தாவுக்கு வயது 74. பள்ளிக்கூடப் படி ஏறாதவர். ஆனால் கணக்கில் புலி. காப்பிப் பழம் எடுக்கும் காலத்தில் எத்தனை ஆள் வந்தது, யார் எத்தனை கிலோ எடுத்தது, யாருக்கு எவ்வளவு முன்பணம் போயிருக்கிறது... எல்லாம் தலைக்குள்ளேயே இருக்கும். நோட்டு கிடையாது, பென்சில் கிடையாது. சனிக்கிழமை சம்பளம் கொடுக்கும்போது ஒரு ரூபாய் கூடக் குறைய இருக்காது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, ஒரே ஆளுக்கு இரண்டு முறை சம்பளம் கொடுத்துவிட்டார். வாங்கியவரே திரும்பி வந்து, "ஆத்தா, மதியமே கொடுத்துட்டீங்களே" என்று பணத்தை நீட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பத்தாவும் சிரித்தார். "வயசாச்சுல்ல!"

மருமகளுக்கு மட்டும் அது உறுத்தியது. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன. ரசத்தில் இரண்டு முறை உப்பு விழுந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, "சின்னவன் பள்ளிக்கூடம் விட்டு வந்துட்டானா?" என்ற அதே கேள்வி வந்தது. நாற்பது வருடம் நடந்த மிளகுத் தோட்டத்துப் பாதையில், இரண்டு தடங்கள் பிரியும் இடத்தில் எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

பிறகு சுருக்குப்பை காணாமல் போக ஆரம்பித்தது. ஒரு நாள் அரிசிப் பானைக்குள் கிடைக்கும். இன்னொரு நாள் தலையணை உறைக்குள் கிடைக்கும். கிடைக்கிற வரைக்கும் ஒரே பேச்சுதான்: "இவதான் எடுத்தா!"

கணவரிடம் சொல்லிப் பார்த்தார். "ஏங்க, அத்தைக்கு என்னமோ பண்ணுதுங்க. பழைய மாதிரி இல்லை."

"எங்க ஆத்தாவை ஏதாவது சொல்லிக்கிட்டே இரு" என்று அவர் எழுந்து போய்விட்டார். மகனுக்கு முன்னால் அப்பத்தா தெளிவாகத்தான் பேசுவார். பழைய கதை கேட்டால், கல்யாணத்துக்கு எந்தத் தோட்டத்துப் பலாப்பழம் வந்தது என்பது வரைக்கும் சொல்வார். இவ்வளவு ஞாபகம் இருக்கிறவருக்கு என்ன மறதி என்பது மகனின் நியாயம்.

திருப்பூரில் இருக்கிற மகளுக்கு அம்மாவின் அழுகை போனிலேயே வந்து சேரும். "எங்க அம்மாவுக்கு ஒரு வாய் சோறு போட உங்களுக்குக் கணக்கா இருக்கா?" என்று அவர் கேட்ட ராத்திரி, மருமகள் சாப்பிடாமல் படுத்தார்.

மாமியாரைப் பற்றி மருமகள் எதைச் சொன்னாலும் அது குறையாகத்தான் காதில் விழும். இந்த நோயின் முதல் அறிகுறிகளை வீட்டில் முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் மருமகள்தான். ஆனால் வீட்டில் கடைசியாக நம்பப்படுவதும் அவர் பேச்சுதான்.

தீபாவளிக்கு வந்த மகள்

அந்தத் தீபாவளிக்குத் திருப்பூர் மகள் வந்தார். மழையில் கும்பக்கரை வழியில் மண் சரிந்து கிடந்ததால், வத்தலக்குண்டு வழியாக மலையேறிச் சுற்றித்தான் வர முடிந்தது. வந்தவர் அண்ணியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நேராக அடுக்களைக்குள் போய்த் தன் கையாலேயே அம்மாவுக்குச் சமைத்தார். நாட்டுக்கோழிக் குழம்பு, சுடச்சுடச் சோறு. பக்கத்தில் உட்கார்ந்து பிசைந்து ஊட்டினார். அப்பத்தா திருப்தியாகச் சாப்பிட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து, எதிர் வீட்டில் அம்மாவின் குரல் கேட்டது.

"திருப்பூர்லேருந்து மக வந்திருக்கா. அவளும் ஒரு வாய் சோறு போடலை தாயி."

வாசலில் நின்ற மகளுக்குக் கை கால் ஓடவில்லை. மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். அண்ணி விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று ராத்திரி, அண்ணனிடம் தங்கைதான் சொன்னார்: "அண்ணே, அண்ணி பொய் சொல்லலை. அம்மாவும் பொய் சொல்லலை. வேற என்னமோ இருக்கு."

"மருமக எங்க? அவங்க சொல்லட்டும்"

முதலில் பார்த்த மருத்துவர், "வயசானா மறதி வரத்தான் செய்யும்" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். பல வீடுகளில் தேடல் இதோடு நின்றுபோகிறது. இவர்கள் நிற்கவில்லை. மலையிறங்கி, மனநல மருத்துவர் இருக்கிற மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள்.

அந்த மருத்துவர் அப்பத்தாவிடம் தேதி கேட்கவில்லை. கடிகாரம் வரையவும் சொல்லவில்லை. "இப்ப மலையில என்ன வேலை நடக்குது ஆத்தா? பழம் எடுக்குறாங்களா, மிளகு பறிக்கிறாங்களா?" என்று கேட்டார். மூன்று பொருள்களின் பெயரைச் சொல்லித் திரும்பச் சொல்லச் சொன்னார். அப்பத்தா சரியாகச் சொன்னார். ஐந்து நிமிடம் வேறு ஏதோ பேசிவிட்டு மறுபடி கேட்டபோது, மூன்றில் ஒன்றுகூட வரவில்லை. அப்படிப் பெயர் சொன்னதே அவருக்கு நினைவில்லை.

படிக்காதவர்களிடம் இந்த நோயைக் கண்டுபிடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. வெளிநாட்டில் உருவான ஞாபகச் சோதனைகளில் எழுதவும் படிக்கவும் கழித்தல் கணக்குப் போடவும் சொல்வார்கள். பள்ளிக்கூடம் போகாத ஒருவர் நன்றாக இருந்தாலும் அதில் தோற்றுப்போவார். அதனால்தான் 1990-களில் ஹரியானாவின் பல்லப்கரில் நடந்த ஆய்வில், எழுத்தறிவு இல்லாத முதியவர்களுக்குப் பொருந்தும்படி கேள்விகளை மாற்றி அமைத்தார்கள். கூடவே, அன்றாட வேலைகளை அவர் எப்படிச் செய்கிறார் என்று வீட்டில் இருப்பவர்களிடம் கேட்கும் பட்டியல் ஒன்றையும் உருவாக்கினார்கள்.

மருத்துவரும் அதைத்தான் செய்தார். "கூடவே இருக்கிறது யாரு? மருமகளா? அவங்க சொல்லட்டும்" என்றார். மகன் வாயைத் திறக்கப்போனபோது கையமர்த்தினார்.

மருமகள் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார். இரட்டைச் சம்பளம், ரசத்து உப்பு, பாதை பிரியும் இடம், சுருக்குப்பை என எல்லாமே எந்த மாதம், எதற்குப் பிறகு எது என்ற வரிசையோடு வந்தன. இரண்டு வருடமாக யாரும் கேட்காத கதை அது. முடிக்கும்போது அவர் குரல் உடைந்திருந்தது. பக்கத்தில் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரத்தப் பரிசோதனையும் தலைக்கு ஸ்கேனும் எடுத்தார்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகவே கூடாது. தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, கீழே விழுந்ததில் மூளைக்கு மேல் தேங்கிய ரத்தம், சில மாத்திரைகளின் பக்கவிளைவு... இவையெல்லாம் மறதி நோய் போலவே தோற்றம் காட்டும். கண்டுபிடித்தால் சரிசெய்யவும் முடியும். ஒன்றிரண்டு நாளில் திடீரென்று குழப்பம் வந்தால் அது பெரும்பாலும் வேறு: சிறுநீர்த் தொற்றோ, உப்புச்சத்துக் குறைவோ இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அப்பத்தாவுக்கு பி12 குறைவாகத்தான் இருந்தது. ஊசி போட்டார்கள். சோர்வு குறைந்தது. மறதி குறையவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து மருத்துவர் சொன்ன பெயர் அல்சைமர். டிமென்ஷியா என்கிற மறதி நோய்களில் அதிகம் பேருக்கு வருவது இதுதான்.

"புதுசா நடக்கிறதைப் பதிய வைக்கிற இடம்தான் மூளையில முதல்ல பழுதாகுது. பழசு உள்ளே பத்திரமா இருக்கும். அதனாலதான் கல்யாணத்துப் பலாப்பழம் ஞாபகம் இருக்கு, காலைல சாப்பிட்ட இட்லி இல்லை. அவங்களைப் பொறுத்தவரை அந்த இட்லி நடக்கவே இல்லை. பையை எங்க வெச்சோம்னு தெரியாதப்போ, யாரோ எடுத்துட்டாங்கன்னு மனசே ஒரு காரணத்தைச் சொல்லிக்கும். யார் எப்பவும் பக்கத்துல இருக்காங்களோ, பழி அவங்க மேலதான் விழும்."

மகன் அப்போதுதான் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார்.

வயதால் வரும் மறதியையும் நோயால் வரும் மறதியையும் பிரித்தறிய மருத்துவர் சொன்ன அடையாளம் எளிமையானது. நேற்று என்ன குழம்பு என்பது மறந்தால் வயது. சாப்பிட்டதே மறந்தால் விசாரிக்க வேண்டும். அதிலும், பழகிய வேலையும் பழகிய வழியும் கைவிட்டுப் போனால் தள்ளிப்போடக் கூடாது.

ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல

சென்னைக்கு அருகே திருப்போரூர் கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு 1997-ல் வெளியானது. அதில் 60 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 3.5 பேருக்கு இந்த நோய் இருப்பது தெரிந்தது. 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவிகிதம் பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், டிமென்ஷியாவோடு வாழ்வதாக மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அதிகம் என்கிறது அந்த ஆய்வு.

கிராமத்தில் யார் கண்டுபிடிப்பது? கேரளத்தின் திருச்சூர் பகுதியில் மனநல மருத்துவர் கே.எஸ்.ஷாஜியும் அவர் குழுவினரும் இதை முயன்று பார்த்தார்கள். அடித்தட்டில் வேலை பார்க்கும் சுகாதாரப் பணியாளர்களுக்குச் சில மணி நேரப் பயிற்சி மட்டும் கொடுத்து, தங்கள் பகுதியில் யாருக்கு இந்த நோய் இருக்கலாம் என்று சொல்லச் சொன்னார்கள். அவர்கள் சுட்டிக்காட்டியவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்கு நோய் இருப்பது உறுதியானது. வீடுவீடாகப் போய்ப் பழகியவர்களின் கண், பெரிய இயந்திரத்துக்குக் குறைந்ததல்ல.

இந்த நோயை முழுதாகக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. டொனெபெசில், ரிவாஸ்டிக்மின், மெமன்டின் போன்ற மாத்திரைகள் சிலருக்குக் கொஞ்ச காலம் தெளிவைத் தாங்கிப் பிடிக்கும். ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பதும் முக்கியம். அதற்கான மாத்திரைகளை, தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

உலை கொதிக்குது அத்தை!

வீடு திரும்பியபின் மருமகள் முதலில் விட்டது வாதத்தை. "இப்பத்தானே சாப்பிட்டீங்க" என்று சொன்ன ஒவ்வொரு முறையும் சண்டைதான் மிஞ்சியது. நடக்கவே நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்கிறாள் என்றுதானே அப்பத்தாவுக்குத் தோன்றும்?

இப்போது பசிக்கிறது என்றால், "உலை கொதிக்குது அத்தை, அதுக்குள்ள இதைச் சாப்பிடுங்க" என்று ஒரு மலைவாழைப் பழத்தைக் கையில் கொடுக்கிறார். மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாகப் பிரித்துக்கொண்டார். ஒவ்வொரு முறையும் கொஞ்சமாக. அப்பத்தாவுக்குத் தட்டு வந்துகொண்டே இருக்கிறது, வயிறும் கெடுவதில்லை.

சுருக்குப்பைக்கு, அதே துணியில் இன்னொரு பை தைத்துச் சில்லறை போட்டு வைத்திருக்கிறார். ஒன்று காணாமல் போனால் மற்றொன்று 'கிடைத்துவிடும்'. இரண்டு பைக்குள்ளும் மகனின் போன் நம்பர் எழுதிய அட்டை இருக்கிறது.

சாயங்காலம்தான் கஷ்டம். இருட்டுகிற நேரத்தில் இந்த நோயாளிகளுக்குப் படபடப்பு கூடும். "எங்க வீட்டுக்குப் போகணும்" என்று அப்பத்தா கிளம்பிவிடுவார், தன் வீட்டிலேயே இருந்துகொண்டு. வெளியே பனி மூடினால் பத்தடிக்கு அப்பால் தெரியாது. காட்டுமாடு நடமாட்டம் வேறு. அதனால் ஐந்து மணிக்கே எல்லா விளக்கையும் போட்டுவிடுகிறார்கள். படலில் ஒரு மணி கட்டியாயிற்று. டீக்கடையிலும் ஜீப் ஓட்டும் பையன்களிடமும் மகனே போய், "ஆத்தாவுக்கு மறதி நோய்ப்பா. தனியா பார்த்தா கூட்டியாந்து விடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். சொல்வதற்கு வெட்கமாக இருந்தது. சொன்ன பிறகு பாரம் குறைந்தது.

கை சும்மா இருந்தால்தான் மனம் அலைகிறது என்று கண்டுகொண்டதும் மருமகள்தான். காலையில் ஒரு முறத்தில் காப்பிக்கொட்டையைப் போட்டுக் கொடுத்துவிடுவார். கறுத்தது, உடைந்தது, நல்லது என்று அப்பத்தாவின் விரல்கள் தானாகப் பிரிக்கும். பெயர்கள் மறந்த பிறகும் விரல்கள் மறக்கவில்லை. சாயங்காலம் அதே கொட்டையை ஒன்றாகக் கலந்து வைத்துவிட்டால் மறுநாளைக்கும் ஆயிற்று.

பார்த்துக்கொள்பவரை யார் பார்ப்பது?

ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனைக்குப் போனபோது, அப்பத்தாவைப் பார்த்து முடித்த மருத்துவர் மருமகளைப் பார்த்துக் கேட்டார்: "நீங்க கடைசியா எப்பம்மா முழுசாத் தூங்குனீங்க?"

பதில் வரவில்லை. கண்ணீர்தான் வந்தது. ராத்திரி நான்கு தடவை எழுந்திருப்பதும், அம்மா வீட்டுக்குப் போய் ஒரு வருடம் ஆனதும், சில சமயம் கத்திவிட்டுப் பிறகு கொல்லையில் போய் அழுவதும் அதற்கப்புறம்தான் வெளியே வந்தன. அவருக்கு ரத்த அழுத்தம் பார்த்தார்கள். அதிகமாக இருந்தது.

கோவாவில் மருத்துவர் அமித் டயஸ் குழுவினர் 81 குடும்பங்களோடு செய்த ஆய்வு 2008-ல் வெளியானது. மருத்துவம் படிக்காத, ஆனால் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் வீடுகளுக்குப் போய், நோயைப் பற்றி விளக்கினார்கள். சமாளிக்கும் வழிகளைச் சொன்னார்கள். பார்த்துக்கொள்பவர் பேசுவதைக் கேட்டார்கள். ஆறு மாதத்தில் பார்த்துக்கொள்பவர்களின் மனஉளைச்சல் குறைந்தது.

மருத்துவர் மகனைக் கூப்பிட்டு, "மாத்திரைச் சீட்டுல இதையும் எழுதிக்கலாமா?" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். "ராத்திரி நீங்க. பகல்ல அவங்க. மாசத்துல நாலு நாள் அவங்களுக்கு லீவு."

நாத்தனாருக்கு அன்றே போன் போனது. அம்மாவைத் திருப்பூருக்கே அழைத்துப் போகலாமா என்று அவர் கேட்டார். புது இடம் குழப்பத்தைக் கூட்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதனால் அம்மா நகரவில்லை, மகள்தான் நகர்ந்தார். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பத்து நாள் அடுக்கத்தில் வந்து தங்குகிறார். அந்தப் பத்து நாளும் மருமகள் தன் தாய் வீட்டில். முதல் தடவை போனபோது, இரண்டு நாள் தூங்கிக்கொண்டே இருந்தாராம்.

உறவில் ஆள் இல்லாத வீடுகளும் உண்டு. அவர்கள் தனியாக மூச்சுமுட்ட வேண்டியதில்லை. மத்திய அரசின் டெலி-மனாஸ் மனநல உதவி எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம். முதியோருக்கான உதவி எண் 14567. தன் தந்தைக்கு அல்சைமர் வந்ததைப் பார்த்த கேரள மருத்துவர் ஜேக்கப் ராய் 1992-ல் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. அமைப்பும், சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனத்தின் டெம்கேர்ஸ் பிரிவும் நோயாளியோடு குடும்பத்தையும் சேர்த்தே பார்க்கின்றன.

அப்பத்தாவுக்கு இப்போது மருமகள் பெயர் தெரிவதில்லை. சில நாள் "ஆத்தா" என்று கூப்பிடுகிறார், தன் அம்மா என்று நினைத்து. சில நாள், "யாரு நீ, எந்த ஊரு?" என்கிறார். இனிமேல் கூடுமே தவிரக் குறையாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

புகாரும் நிற்கவில்லை. நேற்றுகூடப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் குரல் கேட்டது.

"விடிஞ்சதுலேருந்து ஒரு பருக்கை இல்லை தாயி. மருமக சோறே போடலை."

பக்கத்து வீட்டுப் பெண் இப்போது வேலிப் பக்கம் பார்ப்பதில்லை. அப்பத்தாவின் கையைப் பிடித்து எழுப்பினார். "அப்படியா அப்பத்தா? வாங்க, என்னன்னு நான் கேட்கிறேன்" என்று வீடு வரைக்கும் கூட்டி வந்தார்.

வாசலில் மகன் நின்றிருந்தார். கையில் தட்டு.

"வா ஆத்தா. உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன். சாப்பிடலாம்."

உள்ளே மருமகள் தூங்கிக்கொண்டிருந்தார்.